நான்கு தம்பிகளின் அக்காள்: ராஜகுமாரி ஜகனாரா

தாஜ்மகாலைக் கட்டியவர் ஷாஜகான் சக்கரவர்த்தி. அங்கே அடக்கம் செய்யப்பட்டிருப்பவள் அவருடைய மனைவி மும்தாஜ். இது எல்லோருக்கும் தெரியும்.

அவர்களுடைய மூத்த மகள் ஜகனாரா. அவள் பெயரைப் பலர் கேட்டிருப்பார்கள். அவள் பட்ட பாட்டை அறிந்தவர்கள் குறைவு.

மொகலாய சாம்ராஜ்யம் உச்சத்தில் இருந்த காலத்தில் அவள் வாழ்ந்தாள். செல்வத்துக்குக் குறைவு இல்லை. சேனைக்குக் குறைவு இல்லை. ஆனால் அந்தக் குடும்பத்தில் ஒரு பெரிய குறை இருந்தது. தகப்பனுக்குப் பிறகு பட்டம் யாருக்கு என்பதற்கு அங்கே சட்டம் கிடையாது. வாளில் வென்றவனுக்கே சிம்மாசனம்!

அந்தக் குறையால் தன் குடும்பம் அழியாமல் காப்பாற்ற ஜகனாரா பாடுபட்டாள்.

பதினேழு வயதில் பொறுப்பு

1614-ம் ஆண்டு ஜகனாரா பிறந்தாள். மறு ஆண்டு தாரா பிறந்தான். பிறகு சூஜா, ரோஷனாரா, ஔரங்கசீப், மூராத் என்று வீடு நிறையக் குழந்தைகள்.

1628-ல் ஷாஜகான் பட்டத்துக்கு வந்தார். மூன்றே ஆண்டுகளில் துக்கம் வந்தது. 1631-ல் பர்ஹான்பூர் என்ற ஊரில் மும்தாஜுக்குப் பதினான்காவது பிரசவம். பெண் குழந்தை பிறந்தது. தாய் இறந்துவிட்டாள்.

அப்போது ஜகனாராவுக்கு வயது 17.

மும்தாஜ் விட்டுச் சென்ற சொத்தின் மதிப்பு சுமார் ஒரு கோடி ரூபாய். அதில் பாதியை ஷாஜகான் ஜகனாராவுக்குக் கொடுத்தார். மீதிப் பாதியை மற்றக் குழந்தைகளுக்குப் பங்கிட்டார். அரண்மனைப் பொறுப்பு அவள் கைக்கு வந்தது. அரசாங்க முத்திரையும் அவளிடம் இருந்தது.

தாய் இல்லாத வீட்டில் அக்காள்தானே தாய்? தாராவின் திருமணத்துக்கு மும்தாஜ் ஏற்பாடு செய்திருந்தாள். அந்தத் திருமணத்தை 1633-ல் ஜகனாரா முன்னின்று நடத்தினாள்.

அவள் மட்டும் கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

தீ பற்றியது!

1644-ம் ஆண்டு ஒரு விபத்து நடந்தது.

ஜகனாரா மெல்லிய உடை அணிந்திருந்தாள். அதில் வாசனைத் தைலம் தடவியிருந்தது. பக்கத்தில் இருந்த விளக்கு உடையில் பட்டது. தீ குப்பென்று பற்றியது. பணிப்பெண்கள் ஓடிவந்து தீயை அணைத்தார்கள். அவர்களில் இருவர் அந்தத் தீக்காயத்தால் இறந்தார்கள்.

ஜகனாரா பல மாதங்கள் உயிருக்குப் போராடினாள். ஷாஜகான் மகளின் படுக்கை அருகிலேயே இருந்தார். தம் கையாலேயே அவளுக்குப் பணிவிடை செய்தார். ஏழைகளுக்குப் பணத்தை அள்ளிக் கொடுத்தார்.

அக்காளைப் பார்க்கத் தட்சிணத்திலிருந்து ஔரங்கசீப் ஆக்ராவுக்கு வந்தான். அந்தச் சமயத்தில் தகப்பனுக்கும் மகனுக்கும் மனஸ்தாபம் ஏற்பட்டது. ஷாஜகான் அவன் வகித்த பதவியைப் பறித்துவிட்டார்.

ஜகனாரா பிழைத்து எழுந்தாள். தம்பிக்காகத் தந்தையிடம் பரிந்து பேசினாள். ஔரங்கசீப் மீண்டும் பதவி பெற்றான். 1645-ல் குஜராத்தின் ஆட்சி அவனிடம் ஒப்படைக்கப்பட்டது.

கப்பலும் கடைவீதியும்

மகள் பிழைத்த மகிழ்ச்சியில் ஷாஜகான் சூரத் துறைமுகத்தின் வருமானத்தை அவளுக்குக் கொடுத்தார். அவளுக்குச் சொந்தக் கப்பல் இருந்தது. அது மெக்காவுக்குப் போகும் யாத்திரிகர்களை ஏற்றிச் சென்றது. அங்குள்ள ஏழைகளுக்கு அரிசியும் அனுப்பினாள்.

அவள் பாரசீக மொழியில் நன்றாகப் படித்தவள். அஜ்மீரில் அடங்கியுள்ள குவாஜா முயினுதீன் சிஷ்தி என்ற மகானின் வரலாற்றை நூலாக எழுதினாள்.

ஆக்ராவில் உள்ள ஜும்மா மசூதி அவள் பணத்தில் எழுந்தது. அது 1648-ல் கட்டி முடிந்தது. செலவு 5 லட்ச ரூபாய்.

டில்லியில் ஷாஜகான் புதிய தலைநகரம் கட்டினார். அங்கே 1650-ல் ஜகனாரா ஒரு கடைவீதி அமைத்தாள். நடுவில் கால்வாய் ஓடியது. ஒரு சதுக்கமும் குளமும் இருந்தன. அதுதான் சாந்தினி சவுக்! நிலவொளிச் சதுக்கம் என்பது அந்தப் பெயரின் பொருள்.

அந்த வீதியில் வெளியூர் வியாபாரிகள் தங்க ஒரு பெரிய சத்திரமும் கட்டினாள். பிரான்ஸ் நாட்டு வைத்தியர் பெர்னியர் அதைப் பார்த்து வியந்தார். பாரிஸ் நகரத்திலும் இப்படிப்பட்ட சத்திரங்கள் இருந்தால் நல்லது என்று எழுதி வைத்தார்.

தந்தை படுத்தார், தம்பிகள் எழுந்தார்கள்

1657-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஷாஜகான் நோயில் படுத்தார்.

தாரா தந்தையின் பக்கத்தில் இருந்தான். சூஜா வங்காளத்தில் இருந்தான். மூராத் குஜராத்தில் இருந்தான். ஔரங்கசீப் தட்சிணத்தில் இருந்தான். நால்வரிடமும் படை இருந்தது. நால்வருக்கும் சிம்மாசனத்தில் ஆசை இருந்தது.

பட்டம் தாராவுக்கே என்பது ஷாஜகானின் விருப்பம். ஜகனாராவும் தாராவின் பக்கம் இருந்தாள். தங்கை ரோஷனாரா ஔரங்கசீப் பக்கம் சேர்ந்தாள். வீடு இரண்டாயிற்று.

ஷாஜகான் குணமடைந்தார். ஆனாலும் பிள்ளைகள் படையைக் கலைக்கவில்லை. ஷாஜகானும் பட்டத்துக்கு வந்தபோது தம் தம்பி ஷாரியாரைக் கொல்லச் செய்தவர்தான். பிள்ளைகள் அதை மறந்திருப்பார்களா?

1658 மே மாதம் ஆக்ராவுக்கு அருகே சாமுகர் என்ற இடத்தில் பெரும்போர் நடந்தது. ஔரங்கசீப்பும் மூராத்தும் ஒரு பக்கம். தாரா ஒரு பக்கம். தாரா தோற்று ஓடினான்.

ஔரங்கசீப் ஆக்ராக் கோட்டையை முற்றுகையிட்டான். கோட்டைக்குள் யமுனைத் தண்ணீர் போகாமல் தடுத்தான். கடும் கோடைக்காலம். தாகம் தாங்காமல் ஷாஜகான் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டார்.

அக்காள் கேட்ட பாகப்பிரிவினை

அப்போது ஜகனாரா தம்பியைத் தேடிச் சென்றாள். கையில் ஒரு யோசனை இருந்தது.

ராஜ்யத்தைப் பிரித்துக்கொள்ளலாம். பஞ்சாப் பகுதி தாராவுக்கு. குஜராத் மூராத்துக்கு. வங்காளம் சூஜாவுக்கு. தட்சிணம் ஔரங்கசீப்பின் மூத்த மகனுக்கு. மற்றப் பகுதிகளும் பட்டத்துக்கு உரிய உரிமையும் ஔரங்கசீப்புக்கு.

ஊரில் சொத்துத் தகராறு வந்தால் பெரியவர்கள் பாகம் பிரித்துக் கொடுப்பது போன்ற யோசனைதான் இது. நால்வரும் உயிரோடு இருக்க வேண்டும் என்பதே அக்காளின் ஆசை.

ஔரங்கசீப் ஒப்புக்கொள்ளவில்லை.

பிறகு நடந்தது என்ன? கூடவே நின்று போரிட்ட மூராத்தை ஔரங்கசீப் கைது செய்தான். தாரா பிடிபட்டு 1659-ல் டில்லியில் கொல்லப்பட்டான். சூஜா 1660-ல் அரக்கான் நாட்டுக்கு ஓடி அங்கே மாண்டான். 1661-ல் மூராத் குவாலியர் கோட்டையில் கொல்லப்பட்டான்.

நான்கு தம்பிகளில் ஒருவனே மிஞ்சினான்.

எட்டு ஆண்டுக் காவல்

ஷாஜகான் ஆக்ராக் கோட்டையில் காவலில் வைக்கப்பட்டார். ஜகனாரா அவருடனேயே தங்கினாள். எட்டு ஆண்டுகள் தந்தைக்குத் துணையாக இருந்தாள். கோட்டையிலிருந்து பார்த்தால் தாஜ்மகால் தெரியும். உள்ளே தாய், இங்கே தந்தை.

ஔரங்கசீப்பை மன்னிக்கும்படி அவள் தந்தையை வேண்டினாள். ஷாஜகான் பல தடவை மறுத்தார். கடைசியில் மகளுக்காக மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டார் என்று சரித்திர ஆசிரியர்கள் கூறுகிறார்கள்.

1666 ஜனவரியில் ஷாஜகான் காலமானார். சக்கரவர்த்தி ஔரங்கசீப் ஆக்ராவுக்கு வந்தார். எதிர்ப் பக்கம் நின்ற அக்காளை அவர் தண்டிக்கவில்லை. மரியாதை செய்தார். மானியத்தை உயர்த்தினார். அரண்மனைப் பெண்களில் முதல் இடத்தை அவளுக்கே கொடுத்தார்.

தாராவுக்கு ஒரு மகள் இருந்தாள். தாயும் தந்தையும் இல்லாத அந்தப் பெண்ணை ஜகனாரா தன் மகளைப்போல் வளர்த்தாள். 1669-ல் அவளை ஔரங்கசீப்பின் மகன் ஆஜமுக்குத் திருமணம் செய்து வைத்தாள். கொல்லப்பட்டவரின் மகள், கொல்லச் சொன்னவரின் மருமகள் ஆனாள். பாகப்பிரிவினையால் முடியாததைக் கலியாணத்தால் செய்ய முயன்றாள் அந்த அக்காள்.

மீண்டும் அதே போர்

1681 செப்டம்பரில் ஜகனாரா இறந்தாள். டில்லியில் நிஜாமுதீன் மகானின் தர்காவில் அவளை அடக்கம் செய்தார்கள்.

1707-ல் ஔரங்கசீப் காலமானார். அவருடைய பிள்ளைகளும் பட்டத்துக்காக மோதினார்கள். ஆக்ராவுக்கு அருகே ஜாஜூவில் போர் நடந்தது. அதில் ஆஜம் தன் அண்ணனின் படையோடு போரிட்டு மாண்டான். 1712-ல் அடுத்த தலைமுறையிலும் அதே சண்டை. ஒவ்வொரு சண்டையிலும் தளபதிகள் மாண்டார்கள். கஜானா கரைந்தது. மாகாண அதிகாரிகள் தனி அரசர்கள்போல் ஆனார்கள்.

1739-ல் பாரசீகத்திலிருந்து நாதிர்ஷா வந்தார். ஜகனாரா அமைத்த சாந்தினி சவுக்கில் இரத்தம் ஓடியது. மயில் சிம்மாசனம் கொள்ளை போனது. எந்தச் சிம்மாசனத்துக்காக அண்ணன் தம்பிகள் வெட்டி மடிந்தார்களோ, அது அயலார் கைக்குப் போயிற்று.

1857-க்குப் பிறகு மொகலாய அரசும் இல்லை. ஜகனாராவின் சத்திரமும் இடிக்கப்பட்டது. ஆனால் சாந்தினி சவுக் இன்றும் டில்லியில் ஜனங்கள் நிறைந்த கடைவீதியாக இருக்கிறது.

ஜகனாராவின் சமாதிக்குக் கூரை கிடையாது. அவள் விருப்பப்படி மேலே திறந்தே விட்டிருக்கிறார்கள். கோடி ரூபாய்க்குச் சொந்தக்காரியாக இருந்தவள் கேட்டது, தன்மேல் புல் முளைக்கக் கொஞ்சம் மண் மட்டும்தான்.