நஞ்சின் தடம் தேடி

நுழையும்முன்

உழைப்பு உயர்வு தரும் என்பதை நாம் அறிவோம். அவ்வுழைப்பே உழைப்பவரின் உடலில் நஞ்சைச் சேர்க்குமானால் அதற்குப் பொறுப்பேற்க வேண்டியவர் யார்? நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இவ்வினாவுடன் ஆலைதோறும் சென்றவர் மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன். அமெரிக்காவில் தொழில்சார் மருத்துவம் என்னும் துறைக்கு அடித்தளமிட்ட அவரது வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் கல்வியும்

ஆலிஸ் ஹாமில்டன் 1869ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் நியூயார்க்கில் பிறந்தார். இந்தியானா மாநிலத்தின் ஃபோர்ட் வெய்ன் நகரில் வளர்ந்தார். தொடக்கக் கல்வியை வீட்டிலேயே பெற்றார். அவருடைய தமக்கை எடித் ஹாமில்டன், கிரேக்கத் தொன்மங்களை எளிய நடையில் எழுதிப் புகழ்பெற்றவர்.

பெண்கள் மருத்துவம் பயில்வது அரிதாக இருந்த காலத்தில், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பயின்று 1893ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்றார். நோய்க்கிருமியியலைக் கற்க ஜெர்மனிக்குச் சென்றபோது, அங்குள்ள பல்கலைக்கழகங்கள் பெண்களை மாணவராகச் சேர்த்துக்கொள்ளவில்லை. பிறர் கண்ணில் படாதவாறு அமர்ந்து விரிவுரைகளைக் கேட்க மட்டுமே இசைவு கிடைத்தது. அந்தச் சிறு வாய்ப்பையும் அவர் நழுவவிடவில்லை.

தவறு கற்பித்த பாடம்

1897ஆம் ஆண்டு சிகாகோ நகரில் மருத்துவப் பேராசிரியராகப் பணியேற்றார். அங்கு ஜேன் ஆடம்ஸ் என்னும் சமூகத் தொண்டர் நடத்திவந்த ஹல் இல்லத்தில் தங்கினார். இத்தாலி, போலந்து முதலிய நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைத் தொழிலாளர்கள் அவ்வில்லத்தைச் சூழ்ந்து வாழ்ந்தனர். அவர்களுடைய குழந்தைகளுக்காக ஹாமில்டன் ஒரு சிறு மருத்துவ நிலையம் நடத்தினார்.

1902ஆம் ஆண்டு அப்பகுதியில் டைபாய்டு காய்ச்சல் கடுமையாகப் பரவியது. திறந்த கழிப்பிடங்களில் மொய்த்த ஈக்களே நோயைப் பரப்பின என்று ஹாமில்டன் ஆய்ந்து எழுதினார். அக்கட்டுரை அவருக்குப் பெரும்புகழ் தந்தது. ஆனால், குடிநீர்க் குழாயில் கழிவுநீர் கலந்ததே உண்மையான காரணம் என்பதும், அதிகாரிகள் அதை மறைத்துவிட்டனர் என்பதும் பின்னர் அவருக்குத் தெரியவந்தன. தம் முடிவு பிழையானது என்பதை அவர் மறைக்கவில்லை. தன்வரலாற்றிலும் வெளிப்படையாகப் பதிவுசெய்தார். பின்னாளில் ஒவ்வொரு நோயாளியையும் ஐயத்திற்கு இடமின்றி உறுதிசெய்த பின்னரே கணக்கில் சேர்க்கும் கண்டிப்பு அவரிடம் காணப்பட்டது.

ஆலைக்குள் ஒரு மருத்துவர்

அக்காலத்தில் காரீயம் கலந்த தூளும் புகையும் தொழிலாளர்களைப் பெரிதும் தாக்கின. கடும் வயிற்றுவலி, குருதிக்குறைவு, மணிக்கட்டுச் செயலிழப்பு, மூளைப் பாதிப்பு எனக் காரீய நஞ்சு படிப்படியாக உடலை அழித்தது. இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் இதைத் தடுக்கச் சட்டங்கள் இருந்தன. அமெரிக்காவிலோ இத்தகைய நோயே இங்கில்லை என்று பலர் நம்பினர். நோயுற்ற தொழிலாளி வேலையிலிருந்து நின்றுவிடுவார்; அவரிடத்தில் மற்றொருவர் வந்துவிடுவார். எனவே, ஆலையின் பதிவேட்டில் நோய் இடம்பெறுவதில்லை.

1910ஆம் ஆண்டு இல்லினாய் மாநில அரசு தொழில்சார் நோய்களை ஆராயும் பொறுப்பை ஹாமில்டனிடம் ஒப்படைத்தது. ஆலைக்குள் கேட்டால் வேலை பறிபோகும் என்னும் அச்சத்தால் தொழிலாளர்கள் வாய்திறக்க மாட்டார்கள் என்பதை அவர் உணர்ந்திருந்தார். எனவே, அவர்களுடைய வீடுகளுக்குச் சென்று மனைவியரிடம் உரையாடினார். மருந்துக் கடைக்காரர்களையும் பாதிரியார்களையும் சந்தித்தார். மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டினார். காரீய நஞ்சு தாக்கக்கூடிய எழுபதுக்கும் மேற்பட்ட தொழில்முறைகளை அவ்வாய்வு வெளிக்கொணர்ந்தது.

குளியல் தொட்டியின் மறுபக்கம்

போலந்திலிருந்து குடியேறிய ஒருவர் காரீய நோயால் மருத்துவமனையில் இருந்தார். இரும்புக் குளியல் தொட்டிகளுக்கு எனாமல் பூசுவது அவருடைய தொழில். ஹாமில்டன் அந்த ஆலைக்குச் சென்றார். எனாமலில் காரீயமே இல்லை என்று நிருவாகத்தினர் உறுதியாகக் கூறிப் பணிக்கூடத்தையும் காட்டினர். அங்கு ஆபத்து எதுவும் தென்படவில்லை.

குழப்பத்துடன் அவர் அத்தொழிலாளியின் வீட்டைத் தேடிச் சென்றார். தமக்குக் காட்டப்பட்ட கூடம் வேறு, எனாமல் பூசும் கூடம் வேறு என்னும் உண்மை அங்குதான் தெரிந்தது. செந்தணலாகப் பழுத்த தொட்டியின்மேல் எனாமல் பொடியைச் சலித்துத் தூவும்போது, அப்பொடி காற்றில் பறந்து தொழிலாளரின் மூச்சில் கலந்தது. அதன் மாதிரியைப் பெற்றுச் சோதித்தபோது, ஐந்தில் ஒரு பங்கு வரை உடலில் கரையக்கூடிய காரீயம் இருந்தது. வெண்மையாகப் பளபளக்கும் தொட்டிக்குப் பின்னால் ஒரு மனிதரின் நலிந்த உடல் இருந்ததை உலகம் அறிந்தது.

சான்றும் மனமாற்றமும்

கைகழுவாமல் உண்பதால்தான் தொழிலாளிக்குக் காரீய நோய் வருகிறது என்று முதலாளிகள் பலரும் எண்ணினர். நோய்க்கான பழியும் நோயாளியின் மீதே விழுந்தது. சுவாசிக்கும் தூளும் புகையுமே முதன்மைக் காரணம் என்று ஹாமில்டன் நிறுவினார். காற்றைத் தூய்மையாக்குவது தனி ஒரு தொழிலாளியால் இயலாது. அது ஆலையின் கடமை. எனவே, அவருடைய முடிவு பொறுப்பின் திசையையே மாற்றியது.

நாட்டின் மிகப்பெரிய காரீய நிறுவனம் ஒன்றின் துணைத்தலைவரான எட்வர்ட் கார்னிஷ், தம் ஆலைகளில் எவரும் நோயுறவில்லை என்று சினந்து மறுத்தார். ஹாமில்டன் வாதிடவில்லை. மருத்துவமனையில் சேர்க்கப்படும் அளவுக்கு நோயுற்ற 22 தொழிலாளர்களின் பதிவுகளை அவர்முன் வைத்தார். சான்றுகளைக் கண்ட கார்னிஷ் மனம்மாறினார். தூள் பறக்காமல் தடுக்கும் அமைப்புகளும் மருத்துவர்களும் அந்நிறுவனத்தின் ஆலைகளுக்கு வந்தனர். 1911ஆம் ஆண்டு இல்லினாய் அரசு தொழில்சார் நோய்ச் சட்டத்தை இயற்றியது. ஆபத்தான தொழில்களில் மாதந்தோறும் மருத்துவச் சோதனை செய்வது கட்டாயமாயிற்று.

ஆரஞ்சுப் புகையின் வழியே

அதே ஆண்டு நடுவணரசுக்காக நாடெங்கும் ஆய்வு செய்யத் தொடங்கினார். ஆலைக்குள் நுழையும் சட்ட அதிகாரம் அவருக்கு இல்லை. பண்பான பேச்சும் தெளிவான சான்றுமே அவருடைய கருவிகள். முதல் உலகப்போரின்போது வெடிமருந்து ஆலைகளின் இருப்பிடம் மறைவாக வைக்கப்பட்டிருந்தது. வானில் எழும் ஆரஞ்சு நிற நச்சுப்புகையையும், தோலும் தலைமுடியும் மஞ்சள் படிந்த தொழிலாளர்களையும் அடையாளமாகக் கொண்டு அவ்வாலைகளை அவர் கண்டறிந்தார்.

1919ஆம் ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முதல் பெண் ஆசிரியராக அமர்த்தப்பட்டார். பட்டமளிப்பு ஊர்வலத்தில் நடக்கக் கூடாது என்பது உள்ளிட்ட நிபந்தனைகள் அவருக்கு விதிக்கப்பட்டன. 1935இல் ஓய்வுபெறும்வரை உதவிப் பேராசிரியராகவே இருந்தார். பதவி உயர்வு தரப்படவில்லை.

தோற்ற வாதம், வென்ற உண்மை

எந்திரம் சீராக ஓடுவதற்காகப் பெட்ரோலில் காரீயச் சேர்மம் கலக்கும் முறை 1920களில் அறிமுகமானது. அதைத் தயாரித்த ஆலைகளில் தொழிலாளர்கள் சித்தம் கலங்கி இறந்தனர். 1925ஆம் ஆண்டு வாஷிங்டனில் நடைபெற்ற கூட்டத்தில் ஹாமில்டன் இம்முறையை எதிர்த்தார். ஆலைக்குள் மட்டுமன்றித் தெருக்களிலும் இந்நஞ்சு பரவும் என்று எச்சரித்தார். எனினும் விற்பனை தொடர்ந்தது. உலகின் எந்த நாட்டிலும் ஊர்திகளுக்குக் காரீயப் பெட்ரோல் விற்கப்படாத நிலை 2021ஆம் ஆண்டில்தான் வந்தது. அவ்வெச்சரிக்கை பலிக்க ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது.

நிறைவாழ்வு

1943ஆம் ஆண்டு தன்வரலாற்றை எழுதி வெளியிட்ட ஆலிஸ் ஹாமில்டன், 1970 செப்டம்பர் 22 அன்று தம் 101ஆம் வயதில் மறைந்தார். பணியிடப் பாதுகாப்புக்கான நாடுதழுவிய சட்டம் அமெரிக்காவில் அதே ஆண்டு டிசம்பர் 29 அன்று கையெழுத்தாயிற்று. அதைக் காண அவர் இல்லை. ஆயினும், அதற்கான முதல் சான்றுகளை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே தொழிலாளர் குடியிருப்புகளின் படியேறித் திரட்டியவர் அவரே. நோயுற்றவரைப் பழிக்காமல், நோய் பிறந்த இடத்தைத் தேடிச் சென்ற அவரது வழியே இன்றும் தொழில்சார் மருத்துவத்தின் வழியாக உள்ளது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் தூள், புகை, வேதிப்பொருள் ஆகியவற்றுக்கு இடையே பணிபுரிவோரைப் பட்டியலிட்டு, அவர்கள் பின்பற்றும் பாதுகாப்பு முறைகளைக் கேட்டு எழுதுக.
2. தன் பிழையை ஒப்புக்கொள்வது ஓர் ஆய்வாளருக்கு இழுக்கா, சிறப்பா? வகுப்பில் கலந்துரையாடுக.