மவுஸ் பெட்டியில் பெயர் உள்ள மனிதர்!

கம்ப்யூட்டர் கடைக்குப் போகிறீர்கள். லேப்டாப்புக்கு ஒரு மவுஸ் வேண்டும். வால் இல்லாத மவுஸ்! அதாவது, கம்பி இல்லாமல் வேலை செய்யும் மவுஸ்.

கடைக்காரர் நாலைந்து பெட்டிகளை எடுத்துப் பரப்புகிறார். நிறம் வேறு, விலை வேறு, கம்பெனி வேறு. ஆனால் பல பெட்டிகளில் ஒரு வரி மட்டும் ஒன்று போலவே இருக்கிறது.

2.4 கிகா ஹெர்ட்ஸ்!

கிகா என்றால் நூறு கோடி. அது சரி. ஹெர்ட்ஸ் என்றால் என்ன?

அது ஒரு மனிதரின் பெயர். ஜெர்மனி நாட்டு விஞ்ஞானி ஹைன்ரிக் ஹெர்ட்ஸ். 36 வயதிலேயே இறந்து போனவர். தன்னுடைய கண்டுபிடிப்பினால் நடைமுறையில் பெரிய பயன் எதுவும் இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை!

இன்று அவர் பெயர் இல்லாத ரேடியோ இல்லை, செல்போன் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை.

கடைசல் பட்டறைச் சிறுவன்

ஹெர்ட்ஸ் 1857-ம் ஆண்டு பிப்ரவரி 22-ந் தேதி ஹாம்பர்க் நகரில் பிறந்தார். கப்பல்கள் வந்து போகும் பெரிய துறைமுகப் பட்டணம் அது. தந்தை வக்கீல். பிற்காலத்தில் நகர ஆட்சி மன்றத்திலும் பதவி வகித்தார். ஹெர்ட்ஸ்தான் மூத்த பிள்ளை. அவருக்குப் பின் மூன்று தம்பிகள், ஒரு தங்கை.

வசதியான வீடு. ஆனால் பையனுக்குப் பிடித்தது என்ன தெரியுமா? தச்சு வேலையும் கடைசல் வேலையும்!

படிப்பிலும் கெட்டிக்காரன்தான். அரபு மொழி கூடப் படித்தான். இருந்தாலும், ஓய்வு கிடைத்தால் கடைசல் எந்திரத்தின் முன்னால் போய் நிற்பான். சோதனைக்கு வேண்டிய கருவிகளைத் தானே செய்து கொள்வான்.

பின்னாளில் அவர் பேராசிரியர் ஆன செய்தி, அவருக்குக் கடைசல் கற்றுக் கொடுத்த ஆசாரியின் காதில் விழுந்ததாம். அவர் மிகவும் வருத்தப்பட்டாராம். அடடா, நல்ல தொழிலாளி ஒருவனை இழந்து விட்டோமே என்று!

ஆசாரி வருத்தப்பட்டிருக்க வேண்டாம். அந்தக் கைப்பழக்கம்தான் பின்னால் உலகத்துக்கே உதவியது.

தந்தைக்கு ஒரு கடிதம்

முதலில் ஹெர்ட்ஸ் என்ஜினீயர் ஆவதாக இருந்தது. அதற்குத்தான் படித்தார். ஒரு வருடம் ராணுவத்திலும் சேவை செய்தார். பிறகு மேல்படிப்புக்காக மூனிச் நகருக்குப் போனார்.

அங்கே மனம் மாறியது. பாலம் கட்டுவதை விட, இயற்கை எப்படி இயங்குகிறது என்று ஆராய்வதுதான் தன் வழி என்று தோன்றியது.

ஆனால் படிக்க வைப்பவர் தந்தை ஆயிற்றே! 1877-ம் ஆண்டு நவம்பரில், தந்தைக்கு நீண்ட கடிதம் எழுதி அனுமதி கேட்டார். அப்போது அவருக்கு 20 வயது. தந்தை மறுக்கவில்லை.

அடுத்த ஆண்டு பெர்லின் போனார். அங்கே ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற பெரிய விஞ்ஞானியிடம் மாணவர் ஆனார். 23 வயது நிறைவதற்குள் டாக்டர் பட்டம்! அதன் பிறகு மூன்று ஆண்டுகள் குருவுக்கு உதவியாளர்.

விட்டு வைத்த கேள்வி

இங்கே இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்து நாட்டு மேதை மாக்ஸ்வெல்.

குளத்தில் கல்லைப் போட்டால் அலை பரவுகிறது அல்லவா? அது போல, மின்சாரம் வேகமாக முன்னும் பின்னும் ஆடினால், அதைச் சுற்றிலும் ஓர் அலை பரவ வேண்டும் என்று மாக்ஸ்வெல் கணக்குப் போட்டுச் சொன்னார். அதற்குக் கம்பி வேண்டாம். காற்று கூட வேண்டாம். ஒளியின் வேகத்தில் அது ஓடும். ஒளியே அப்படிப்பட்ட ஓர் அலைதான். இது 1860-களில் நடந்தது.

எல்லாம் காகிதத்தில்தான்! அந்த மின் அலையை யாரும் உண்டாக்கிப் பிடித்துக் காட்டவில்லை. 1879-ல் மாக்ஸ்வெல்லும் இறந்து விட்டார்.

அதே ஆண்டில், இது சம்பந்தமான ஒரு பிரச்சினைக்குப் பரிசு அறிவித்தது, பெர்லின் விஞ்ஞானக் கழகம். நீ முயன்று பார் என்று குரு தூண்டினார். ஹெர்ட்ஸ் கணக்குப் போட்டுப் பார்த்தார். அப்போது இருந்த கருவிகள் போதாது என்று தெரிந்தது. விட்டு விட்டார்.

விட்டு விட்டாரே தவிர, மறக்கவில்லை.

இருட்டில் ஒரு பொறி

கீல் நகரில் இரண்டு வருடம் ஆசிரியர் வேலை. அங்கே நல்ல ஆய்வுக்கூடம் இல்லை. 1885-ல் கார்ல்ஸ்ரூ நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியர் பதவி கிடைத்தது. மறு ஆண்டு கல்யாணம். உடன் வேலை பார்த்த பேராசிரியர் ஒருவரின் மகள் எலிசபெத்தை மணந்தார்.

கல்யாணம் ஆகிச் சில மாதங்கள்தான் இருக்கும். மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதற்காகக் கல்லூரியில் இருந்த இரண்டு கம்பிச் சுருள்களை எடுத்தார். ஒரு சுருளில் மின்சாரப் பொறி பறந்தது. தொடாமல் தள்ளி இருந்த மற்றொரு சுருளிலும் பொறி பறந்தது!

வேறு யாராக இருந்தாலும், இதென்ன வேடிக்கை என்று போயிருப்பார்கள். ஹெர்ட்சுக்கு ஏழு வருடத்துக்கு முன்பு விட்டு வைத்த கேள்வி சட்டென்று நினைவுக்கு வந்தது.

வேலையில் இறங்கினார். இரண்டு உலோகக் கம்பிகள். நடுவே சிறு இடைவெளி. அதில் படபடவென்று பொறி பறக்கும். இது அலையை அனுப்பும் கருவி.

அலையைப் பிடிக்கும் கருவி அதை விட எளிது. வளையமாக வளைத்த ஒரு கம்பி. அதில் ஓர் இடத்தில் மட்டும் முடி அளவு இடைவெளி. அவ்வளவுதான்!

அலை வந்தால் அந்த இடைவெளியில் பொறி தோன்ற வேண்டும். அந்தப் பொறி எவ்வளவு பெரியது? ஒரு மில்லி மீட்டரை நூறு பங்காக்கி, அதில் சில பங்கு! ஜன்னல்களை மூடி, அறையை இருட்டாக்கி, கண் இருட்டுக்குப் பழகும் வரை காத்திருந்து பார்க்க வேண்டும்.

பார்த்தார். பொறி தெரிந்தது!

தகடும் கதவும்

பொறி தெரிந்தால் போதுமா? அது அலைதான் என்று எப்படி நம்புவது?

பாட மண்டபத்தின் சுவரில் பெரிய துத்தநாகத் தகட்டை மாட்டினார். அலை அதில் மோதித் திரும்பியது. வளையத்தை எடுத்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகர்ந்தார். ஓர் இடத்தில் பொறி நன்றாகத் தெரிந்தது. சற்றுத் தள்ளினால் இல்லை. இன்னும் தள்ளினால் மறுபடியும் வந்தது. போகும் அலையும் திரும்பும் அலையும் சேர்ந்து செய்த வேலை இது. இதைக் கொண்டு அலையின் நீளத்தையே அளந்து விட்டார்.

கீலை உருக்கி, ஆளுயரப் பட்டகம் ஒன்று வார்த்தார். கண்ணாடிப் பட்டகத்தில் ஒளி வளைவது போல, மின் அலையும் அதில் வளைந்தது.

மரக் கதவை மூடிப் பார்த்தார். கதவைத் தாண்டி அடுத்த அறைக்கும் அலை போனது. குறுக்கே ஓர் ஆள் நடந்தால் பொறி நின்றது. உலோகத் தகட்டை வைத்தாலும் நின்றது.

1888 டிசம்பரில் இந்தச் சோதனைகளின் முடிவு பெர்லின் விஞ்ஞானக் கழகத்துக்குப் போயிற்று. மாக்ஸ்வெல் சொன்னது மெய்யாயிற்று. ஹெர்ட்சுக்கு அப்போது 31 வயது.

வழியில் கிடைத்த புதையல்

இந்த வேலைக்கு நடுவே ஒன்று நடந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

பொறி சரியாகத் தெரியவில்லையே என்று, வளையத்தை ஓர் இருட்டுப் பெட்டிக்குள் வைத்தார். தெரிவது சுலபமாக வேண்டும் அல்லவா? நடந்தது நேர் மாறு. பொறி இன்னும் சிறிதாகி விட்டது!

ஏன்? ஒவ்வொன்றாகச் சோதித்தார். கண்ணாடியை வைத்தால் பொறி குறைந்தது. குவார்ட்ஸ் கல்லை வைத்தால் குறையவில்லை. கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி பட்டால் பொறி எளிதாகப் பறக்கிறது என்று கண்டு கொண்டார். ஒளி பட்டால் உலோகத்தின் மின்சார நடத்தை மாறுகிறது!

1887-ல் இதை எழுதி வெளியிட்டார். விளக்கம் சொல்ல முயலவில்லை. அலையைத் தேடும் வேலைக்கே திரும்பி விட்டார். அந்த விளக்கத்தை 1905-ல் ஐன்ஸ்டீன் சொன்னார். அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது அதற்காகத்தான்.

இன்று உங்கள் மவுசைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒரு சிறு விளக்கு இருக்கும். அதன் ஒளி மேஜையில் பட்டுத் திரும்புகிறது. உள்ளே உள்ள ஒரு சிறு கண், நொடிக்கு ஆயிரத்துக்கும் அதிகமான படம் பிடித்து, மவுஸ் எந்தப் பக்கம் நகர்ந்தது என்று கண்டு கொள்கிறது. ஒளியை மின்சாரமாக்கும் கண் அது. மவுசின் மேல்பாதிக்கு மட்டும் அல்ல, அடிப்பாதிக்கும் ஹெர்ட்சுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

கண்டம் அளவு கண்ணாடி

1889-ல் ஓர் என்ஜினீயர் ஹெர்ட்சுக்குக் கடிதம் எழுதினார். இந்த அலைகளைக் கொண்டு டெலிபோன் பேச்சை அனுப்ப முடியுமா என்று கேட்டார்.

முடியாது என்று ஹெர்ட்ஸ் பதில் எழுதினார்!

ஏன் அப்படி எழுதினார்? கணக்குத்தான் காரணம். மனிதக் குரல் நொடிக்குச் சில நூறு, சில ஆயிரம் தடவைதான் அதிர்கிறது. நொடிக்கு ஆயிரம் அதிர்வு என்றால், அந்த மின் அலையின் நீளம் 300 கிலோ மீட்டர். அதைத் திருப்பிக் குவிக்க, ஒரு கண்டம் அளவு பெரிய பிரதிபலிப்பான் வேண்டும்.

கணக்கு சரி. ஆனால் வேகமான அலையின் முதுகில் மெதுவான குரலை ஏற்றி அனுப்பலாம் என்பது அவருக்குத் தோன்றவில்லை. மேதைக்கும் தோன்றாதது உண்டு! பிறகு வந்தவர்கள் அதைத்தான் செய்தார்கள். உங்கள் மவுசும் அதைத்தான் செய்கிறது. நொடிக்கு 240 கோடி தடவை ஆடும் அலை. அதன் நீளம் அரைச் சாணுக்குச் சற்று அதிகம். அதன் முதுகில் ஏறித்தான் உங்கள் விரல் அசைவு லேப்டாப்புக்குப் போய்ச் சேருகிறது.

36 வயதில்...

1889-ல் பான் நகரப் பல்கலைக் கழகத்தில் பெரிய பதவி கிடைத்தது. 1890-ல் லண்டன் ராயல் சொசைட்டி ரம்போர்டு பதக்கம் அளித்தது. வீட்டில் ஜோஹன்னா, மடில்டா என்று இரண்டு பெண் குழந்தைகள்.

1892-ல் நோய் பிடித்தது. மூக்கிலும் தொண்டையிலும் தாங்க முடியாத வலி. பல தடவை ஆபரேஷன் நடந்தது. குணமாகவில்லை. வலியோடு பாடம் நடத்தினார். வலியோடு புத்தகம் எழுதினார். 1893 டிசம்பர் 7-ந் தேதி கடைசியாக வகுப்பு எடுத்தார்.

1894-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி, புத்தாண்டு தினத்தன்று, ஹெர்ட்ஸ் காலமானார். மூத்த மகளுக்கு 6 வயது. இளைய மகளுக்கு 3 வயது கூட நிறையவில்லை. அவருடைய கடைசிப் புத்தகம், அவர் இறந்த பிறகுதான் அச்சாகி வந்தது.

அதற்கு அடுத்த ஆண்டே, இத்தாலியில் மார்க்கோனி என்ற வாலிபர் அந்த அலைகளை வைத்துத் தந்தி அனுப்பிப் பார்த்தார். கல்கத்தாவில் நம் ஜகதீச சந்திர போஸ், கம்பி இல்லாமலே தூரத்து மணியை அடிக்க வைத்தார். 1901-ல் அட்லாண்டிக் கடலையே அலை தாண்டியது. எலிசபெத் இதையெல்லாம் பார்த்தார். கணவர் பார்க்கவில்லை.

அந்த அம்மாள் இன்னொன்றையும் பார்க்க நேர்ந்தது. ஹெர்ட்சின் தந்தை வழியினர் யூதராக இருந்து கிறிஸ்தவர் ஆனவர்கள். 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் அது குற்றமாகி விட்டது! ஹாம்பர்க் நகர மண்டபத்தில் இருந்த ஹெர்ட்சின் படத்தைக் கழற்றினார்கள். உயிரியல் ஆராய்ச்சியாளராக இருந்த மகள் மடில்டாவுக்கும் அங்கே இடம் இல்லை. தாயும் இரு மகள்களும் ஜெர்மனியை விட்டு இங்கிலாந்துக்குப் போய்க் குடியேறினார்கள்.

சொந்த ஊரில் படம் போயிற்று. ஆனால் பெயர் போகவில்லை. நொடிக்கு ஓர் அதிர்வு என்பதற்கு ஹெர்ட்ஸ் என்ற பெயரை, 1960-ல் உலக அளவைகள் மாநாடு ஏற்றுக் கொண்டது.

எந்த மவுஸ் வாங்கலாம்?

சரி, கடைக்காரர் காத்திருக்கிறார்.

கம்பி இல்லா மவுசில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் பட்டாணி போன்ற சிறு ரிசீவர் இருக்கும். அதை லேப்டாப்பின் யு.எஸ்.பி. துளையில் சொருக வேண்டும். மற்றது புளூடூத். அதற்கு ரிசீவர் தேவை இல்லை. இரண்டும் 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலையில்தான் ஓடுகின்றன. ஆகவே அந்த எண்ணைப் பார்த்து மயங்க வேண்டியது இல்லை. லேப்டாப்பில் துளைகள் குறைவு என்றால் புளூடூத் வாங்கலாம். சொருகியதும் வேலை செய்ய வேண்டும் என்றால் ரிசீவர் வகை. இரண்டும் சேர்ந்ததும் கிடைக்கிறது.

டி.பி.ஐ. என்று பெட்டியில் பெரிய எண் போட்டிருப்பார்கள். கணக்கு எழுதவும் கடிதம் அடிக்கவும் ஆயிரம், ஆயிரத்து ஐநூறு தாராளம். அதற்கு மேல் உள்ள எண்ணுக்குப் பணம் கொடுப்பது வீண் என்பது என் கருத்து.

மவுஸ் தடுமாறுகிறதா? உடனே கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். கார்ல்ஸ்ரூ மண்டபத்தை நினைத்துக் கொள்ளுங்கள். நடுவில் இரும்பு ஏதாவது இருக்கிறதா? லேப்டாப்பின் மறுபக்கத்தில் ரிசீவரைச் சொருகியிருக்கிறீர்களா? வேகமான யு.எஸ்.பி. ஹார்டு டிஸ்க் பக்கத்தில் இருந்தாலும் இந்த அலைக்கு இடைஞ்சல்தான். ரிசீவரை வேறு துளைக்கு மாற்றிப் பாருங்கள். கண்ணாடி மேஜை என்றால், பல மவுஸ்களின் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கீழே ஒரு காகிதத்தை விரித்தால் சரியாகி விடும்.

பெட்டியைப் பிரித்துக் கையை வைத்துப் பார்த்தே வாங்குங்கள். இடது கைக்காரர்கள், இரு பக்கமும் ஒரே மாதிரி உள்ளதாகக் கேளுங்கள். ரிசீவரைத் தொலைத்து விட்டால், பல மவுஸ்கள் அதன் பிறகு உதவாது. அதை வைப்பதற்கு என்றே மவுசின் அடியில் அல்லது பேட்டரி மூடிக்குள் சிறு குழி இருக்கிறதா என்று பார்த்துக் கொள்ளுங்கள்.