நந்தனார் பள்ளி கண்ட சகஜானந்த அடிகளார்

ஒரு பள்ளி நல்ல பள்ளியாவது எதனால்? கட்டடத்தாலா, கருவிகளாலா, பாடநூலாலா, தேர்ச்சி விழுக்காட்டாலா? ஆசிரியப் பணியில் முப்பது ஆண்டுகளை நெருங்கும் எனக்கு, இவ்வினா இன்றும் ஓய்வு தராத வினாவாகவே இருக்கிறது. நம் கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், இவ்வினாவுக்குத் தம் வாழ்வையே விடையாக வைத்துச் சென்ற ஒரு பெரியாரை நினைந்து பார்ப்பது பொருத்தமாகும். அவரே சிதம்பரம் சுவாமி சகஜானந்த அடிகளார். நம் கருவடிக்குப்பத்திலிருந்து தெற்கே ஏறத்தாழ 65 கிலோமீட்டர் சென்றால் அவர் கண்ட பள்ளியை இன்றும் காணலாம்.

இளமையும் இடையில் அறுந்த படிப்பும்

வட ஆர்க்காட்டு ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கம் என்னும் சிற்றூரில், 1890ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 27ஆம் நாள், அண்ணாமலை – அலமேலு இணையரின் மகனாக அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் முனுசாமி. உழைத்தாலன்றி அடுப்பு எரியாத குடும்பம். அவர் மூன்று வயதுக் குழந்தையாயிருந்த 1893ஆம் ஆண்டில், சென்னை மாகாண அரசு, அக்காலத்தில் பஞ்சமர் எனக் குறிக்கப்பட்ட நம் மக்களின் கல்விக்கெனத் தனி ஆணை ஒன்றைப் பிறப்பித்தது. ஆணை பிறந்தது, ஆயினும் ஊர்ப் பள்ளியின் திண்ணை நம் குழந்தைகளுக்குத் திறந்துவிடவில்லை. சேரியில் பிறந்த பிள்ளை எழுத்தறிய வேண்டுமாயின், பெரும்பாலும் கிறித்தவ மிஷன் பள்ளிகளின் வாயிலையே நாடவேண்டியிருந்தது.

முனுசாமியும் அவ்வாறே மிஷன் பள்ளியில் சேர்ந்து, திண்டிவனத்தில் விடுதியில் தங்கிப் பயின்றார். கூர்த்த மதியும் நினைவாற்றலும் உடைய மாணவர் என்று ஆசிரியர்கள் மகிழ்ந்தனர். ஆயினும் அப்படிப்பு முற்றுப்பெறவில்லை. மதம் மாற அவர் இசையாமையே அதற்குக் காரணம் என்பர் அவர் வரலாற்றை எழுதியோர். விடுதியை இழந்த ஏழை மாணவனுக்குப் பள்ளியும் இல்லை. நூல் ஏந்திய கைகளோடு கோலார் தங்கவயலுக்குச் சென்றார். நம் மக்களில் எத்தனையோ ஆயிரம் பேர் பிழைப்புத் தேடிப் போய்ச் சேர்ந்த இடம் அது.

இங்கு நாம் சற்று நின்று எண்ணவேண்டும். அம்மாணவனிடம் அறிவு இல்லாமற் போகவில்லை. ஆசிரியர் இல்லாமற் போகவில்லை. பாடநூல் இல்லாமற் போகவில்லை. தங்க இடமும் உண்ணச் சோறும், அவற்றுக்கு விலையாகத் தன்னை மாற்றிக்கொள்ளாமல், கிடைக்கவில்லை. அவ்வளவே. அவர் பின்னாளில் கட்டிய பள்ளியின் அடித்தளம் இந்த இழப்பிலேயே இடப்பட்டது என்பது என் துணிபு.

துறவும் தொண்டும்

உள்ளத்தில் எழுந்த ஞான வேட்கை அவரைத் தங்கவயலில் தங்கவிடவில்லை. சென்னை வியாசர்பாடியில் வாழ்ந்த கரபாத்திர சிவப்பிரகாச சுவாமிகளை அடைந்து மாணாக்கரானார். தமிழ் நூல்களையும் வேதாந்த நூல்களையும் கற்றுத் தேர்ந்தார். சகஜானந்தர் என்னும் பெயர் அங்கே அமைந்தது. 1910ஆம் ஆண்டு சிதம்பரம் வந்து சேர்ந்தார்.

சிதம்பரம் என்றதும் நம் மக்கள் நெஞ்சில் எழும் பெயர் நந்தனார். ஆதனூரில் பிறந்து, நாளைப் போவேன் நாளைப் போவேன் என்று ஏங்கி, தீயில் மூழ்கியே தில்லைக்குள் செல்ல முடிந்தது எனப் புராணம் பேசும் பெருமகனார் அவர். அத்தீ வளர்க்கப்பட்ட இடம் என மரபு சுட்டும் ஓமக்குளத்தையே அடிகளார் தம் தொண்டுக்கு இடமாகக் கொண்டார். 1916ஆம் ஆண்டு நந்தனார் கல்விக் கழகத்தைத் தோற்றுவித்து, அப்பெயராலேயே ஒரு பள்ளியைத் தொடங்கினார். தொடக்கத்தில் மாணவர் 25 பேர். நந்தன் எரிந்த இடத்தில் நந்தன் மக்கள் எழுத்துப் படிக்கலாயினர்.

அவ்வாண்டுகளில் பாரதியார் நம் புதுவையில் வாழ்ந்தார் என்பதும் நினைக்கத்தக்கது. அவர் உலவிய குயில்தோப்பு நம் ஊரிலேயே உள்ளது. 1913ஆம் ஆண்டு அவர் நம் குலத்து இளைஞர் கனகலிங்கத்திற்குப் பூணூல் அணிவித்த செய்தியை அறியாதார் இலர். அச்செயல் ஓர் இளைஞரின் நெஞ்சை நிமிர்த்தியது. ஒரு தெருவை நிமிர்த்த வேண்டுமாயின் பள்ளி வேண்டும் என்பதைச் சிதம்பரத்தில் அடிகளார் செய்து காட்டினார்.

பள்ளி நிலைத்தது எங்ஙனம்?

சிதம்பரத்தைச் சூழ்ந்த ஊர்கள் நெல் விளையும் ஊர்கள். நம் மக்கள் அங்கே பண்ணை வேலை செய்தோர். நடவு வந்தால் தாய் வயலுக்குப் போவாள்; இளையதைப் பார்த்துக்கொள்ள மூத்த பிள்ளை வீட்டில் நிற்கும். மாடு மேய்க்கும் சிறுவன் கொண்டுவரும் கூலி நெல்லும் குடும்பத்திற்கு வேண்டும். இத்தகைய பிள்ளைக்குப் பள்ளியைத் திறந்துவைத்தால் மட்டும் போதாது. ஆகவே அடிகளார் பள்ளியோடு விடுதியையும் பேணினார். கற்பிக்கும் இடமும் உண்ணும் இடமும் உறங்கும் இடமும் அருகருகே அமைந்தன. திண்டிவனத்தில் தாம் இழந்தது எதுவோ, அதனைச் சிதம்பரத்தில் பிறர் பிள்ளைகளுக்கு அளித்தார்.

இதற்குப் பொருள் வேண்டும். துறவியிடம் பொருள் ஏது? சாதி வேறுபாடு பாராத அன்பர்களிடம் நன்கொடை வேண்டினார். அரசிடம் மானியம் வேண்டினார். 1927ஆம் ஆண்டு காந்தியடிகள் சிதம்பரம் வந்தபோது நந்தனார் பெயரால் நடந்த பணி அவர் கவனத்தையும் பெற்றது. 1926ஆம் ஆண்டு தொடங்கி அடிகளார் சென்னைச் சட்டமன்றத்தில் இடம்பெற்றார். நெடுங்காலம் அப்பொறுப்பை வகித்த அவர், அங்கும் தம் பள்ளியை மறக்கவில்லை. நம் மக்களின் கல்வியையும் வாழ்வையும் பற்றி இடைவிடாது பேசினார். ஒரு பிள்ளை ஏன் பள்ளிக்கு வரவில்லை என்பதை ஓமக்குளத்தில் அறிந்தவர், அதற்கு என்ன சட்டம் வேண்டும், எவ்வளவு பணம் வேண்டும் என்பதைச் சென்னையில் கேட்டார். இரண்டையும் ஒருவரே செய்தமையால் கேள்வியில் உண்மை இருந்தது.

அவருடைய சமயநெறியை ஏற்காதவர்கள் நம்முள் உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் பவுத்தத்தைக் காட்டினார். அண்ணல் அம்பேத்கர் 1956இல் அதனையே தழுவினார். அடிகளாரோ சைவத்துள் நின்றே உரிமை கேட்டார். இவ்வேறுபாட்டை நாம் மறைக்க வேண்டியதில்லை. வழி வேறாயினும், பிள்ளை படிக்கவேண்டும் என்பதில் மூவரும் ஒருவரே.

1959ஆம் ஆண்டு மே முதல் நாள் அடிகளார் மறைந்தார். 25 பேரோடு தொடங்கிய அந்தப் பெயர் இன்று சிதம்பரத்தில் அரசு நந்தனார் ஆண்கள் மேல்நிலைப்பள்ளி என்றும், பெண்கள் மேல்நிலைப்பள்ளி என்றும் இரண்டாக விளங்குகிறது.

நமக்கு உரிய பாடம்

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இளம் ஆசிரியனாக நான் பணியாற்றிய ஒரு பள்ளியில், ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் தொடர்ந்து வரவில்லை. விதிப்படி அவன் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கினேன். மறு ஆண்டு அப்பள்ளியின் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி உயர்ந்தது, பாராட்டும் கிடைத்தது. சில காலம் சென்று, கட்டட வேலை நடந்த ஓரிடத்தில் செங்கல் சுமந்துகொண்டிருந்த அவனைக் கண்டேன். வணக்கம் ஐயா என்று மகிழ்ச்சியோடு கூறினான். என்னால் நிமிர்ந்து பார்க்க இயலவில்லை. தேர்வு எழுதாதவன் தேர்ச்சி விழுக்காட்டைக் குறைப்பதில்லை. அவன் நின்றதனால் எங்கள் பள்ளி சிறந்த பள்ளியாகத் தோன்றியது. அவன் வீட்டுக்கு நான் ஒருநாளும் போகவில்லை.

அடிகளார் வாழ்வை அறிந்தபின் நான் கொண்ட முடிவு இதுவே. தேறியவர் எத்தனை பேர் என்பதோடு, சேர்ந்தவருள் எத்தனை பேர் இறுதிவரை இருந்தனர் என்பதையும் சேர்த்தே ஒரு பள்ளியை அளக்கவேண்டும். இன்று மதிய உணவும் பாடநூலும் சீருடையும் அரசு தருகிறது. உதவித்தொகையும் விடுதியும் உண்டு. அடிகளார் கையேந்திப் பெற்றவை நமக்கு உரிமையாகக் கிடைக்கின்றன. ஆயினும் பிள்ளைகள் நிற்பது நிற்கவில்லை. 2023-24ஆம் கல்வியாண்டில் புதுவை அரசுப் பள்ளிகள் நடுவண் வாரியப் பாடத்திட்டத்திற்கு மாறின. வீட்டில் உதவுவோர் இல்லாத முதல் தலைமுறை மாணவனுக்கு இப்பாடங்கள் மலையாகத் தோன்றக்கூடும். மலையைக் கண்டு அவன் திரும்பிவிட்டால், அந்தச் செய்தி எந்தப் பட்டியலிலும் வாராது.

ஆகவே நம் கழகத்தாரிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, ஆண்டுதோறும் முதல் மதிப்பெண் பெற்றவர்க்குப் பரிசு வழங்குகிறோம். அதனோடு, நம் தெருக்களில் படிப்பை நிறுத்திய பிள்ளைகளின் பதிவேடு ஒன்றையும் பேணுவோம். இரண்டாவது, ஒரு பிள்ளை ஒரு வாரம் பள்ளிக்கு வரவில்லையெனில், நம்முள் படித்து வேலை பெற்ற ஒருவர் அவ்வீட்டுக்குச் சென்று, காரணத்தைப் பொறுமையோடு கேட்டு வரட்டும். நோயா, கடனா, கூலியா, அவமதிப்பா என்று அறிந்தால் மருந்தும் தெரியும். மூன்றாவது, மாலை நேரத்தில் ஓர் அறையும் விளக்கும் ஓர் ஆசிரியரும் வேண்டும். ஓய்வு பெறும் நாள் எனக்குத் தொலைவில் இல்லை. அந்த ஆசிரியர் இடத்தை எனக்கே தருமாறு இம்மலர் வாயிலாக விண்ணப்பிக்கிறேன்.

இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. அடிகளார் தொடங்கிய அன்று அவர்முன் அமர்ந்திருந்தோரும் இருபத்தைவரே. அவ்வளவு பேர் நம் கருவடிக்குப்பத்திலும் படிப்பை விட்டு நிற்பாராயின், அவர்களை மீண்டும் வகுப்பில் அமர்த்துவதே இவ்வெள்ளி விழாவின் உண்மையான கொண்டாட்டம் ஆகும்.

வாழ்க அடிகளார் புகழ்! வளர்க நம் கல்விக் கழகம்!