பறந்து வந்த வைத்தியர்!

வலங்கைமான் மாரியம்மன் கோவிலில் ஓர் அதிசயமான வேண்டுதல் உண்டு. அதற்குப் பாடைக் காவடி என்று பெயர்.

பங்குனி மாதம், இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. பச்சை மூங்கிலில் பாடை கட்டுவார்கள். உயிரோடு இருக்கும் ஒருவரை அதில் படுக்க வைப்பார்கள். இறந்தவருக்குச் செய்வது போலவே எல்லாம் செய்து, தோளில் தூக்கிக்கொண்டு கோவிலைச் சுற்றி வருவார்கள். சந்நிதிக்கு எதிரே இறக்கியதும் தீர்த்தம் தெளிப்பார்கள். பாடையில் கிடந்தவர் எழுந்து உட்காருவார்!

இனிப் பிழைக்க மாட்டார் என்று வீட்டார் கைவிட்ட நோயாளி பிழைத்து எழுந்தால், அம்மனுக்குச் செலுத்தும் கடன் அது. தஞ்சைச் சீமையில் ஒரு காலத்தில் சாவு எவ்வளவு பக்கத்தில் நடமாடியது என்பதை இந்த வேண்டுதல் ஒன்றே சொல்லிவிடும்.

அந்தச் சீமையிலேதான், கும்பகோணத்துக்குப் பக்கத்தில் உள்ள சருக்கை கிராமத்தில், 1882-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ரங்காச்சாரி என்று பெயர் வைத்தார்கள்.

பாடைக்குப் போக இருந்த எத்தனையோ பேரைப் படுக்கையிலிருந்து எழுப்பி நடக்க விட்ட பிரபல டாக்டர் ரங்காச்சாரி இவர்தான். நோயாளியிடம் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகச் சொந்தத்தில் ஆகாய விமானம் வைத்திருந்த வைத்தியர்!

பட்டமும் பதவியும்

ரங்காச்சாரியின் தகப்பனார் என்ஜினீயர். பையன் கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் போனான். பிறகு பட்டணம் வந்து மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தான்.

சென்னை மருத்துவக் கல்லூரி சாமானியப்பட்டது அல்ல. 1835-ல் சிறிய பள்ளிக்கூடமாகத் தொடங்கி, 1850-ல் கல்லூரியாக உயர்ந்தது. அதில் படித்துப் பட்டம் வாங்கிய வாலிபனுக்கு ஊரில் ராஜ மரியாதை. ஆனால் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் அந்த மரியாதை பாதியாகக் குறைந்துவிடும்!

ஏன் என்றால், அந்த நாளில் டாக்டர்களுக்குள்ளேயே பல படிகள் இருந்தன. எல்லோருக்கும் மேலே ஐ.எம்.எஸ். என்னும் இந்திய மருத்துவ சேவை அதிகாரிகள். அதற்குரிய பரீட்சை லண்டனில் நடந்தது. கப்பல் ஏறிப் போய் எழுதித் தேறிய இந்தியர் சிலர் உண்டு. ஆனாலும் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்களே. பெரிய ஆஸ்பத்திரிகளின் தலைமைப் பதவிகளெல்லாம் அநேகமாக அவர்களிடமே இருந்தன. இங்கே படித்துப் பட்டம் பெற்றவருக்குக் கிடைத்த பதவி அசிஸ்டெண்ட் சர்ஜன். பட்டம் இல்லாமல் மருத்துவப் பள்ளியில் தேறியவர் அதற்கும் கீழே, சப் அசிஸ்டெண்ட் சர்ஜன்.

இன்னொரு விஷயம். ரங்காச்சாரி வைத்தியம் செய்யத் தொடங்கிய புதிதில், யார் தகுதி உள்ள டாக்டர், யார் இல்லை என்று பார்க்க இந்த மாகாணத்தில் சட்டப்படி ஒரு பட்டியலே கிடையாது. 1914-ல்தான் மருத்துவப் பதிவுச் சட்டம் வந்தது. அதன் பிறகு ஒரு கவுன்சில் ஏற்பட்டு, தகுதி உள்ளவர்களின் பெயர்களைப் பதிவு செய்தது. அதுவரை ஜனங்கள் பார்த்த பட்டியல் ஒன்றே ஒன்று. இவரிடம் போனவர் பிழைத்தாரா, இல்லையா?

ரங்காச்சாரியும் அசிஸ்டெண்ட் சர்ஜனாகத்தான் சர்க்கார் உத்தியோகத்தில் சேர்ந்தார். மாகாணத்தில் பல ஊர் ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்தார். ஊர் மாற்றலைப் பலர் தண்டனை என்று நினைப்பார்கள். இளம் சர்ஜனுக்கோ அதைவிட நல்ல பள்ளிக்கூடம் வேறு இல்லை. சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் கண்ணுக்கு ஒருவர், வயிற்றுக்கு ஒருவர், பிரசவத்துக்கு ஒருவர் என்று யார் இருப்பார்கள்? வருகிற அத்தனையையும் ஒரே ஆள் பார்க்க வேண்டும். மரத்திலிருந்து விழுந்தவனும் வருவான். மாடு முட்டியவனும் வருவான். நடுநிசியில் பிரசவ வேதனையோடு ஒரு வண்டி வந்து நிற்கும்.

அறுவைச் சிகிச்சையிலும் பிரசவ வைத்தியத்திலும் அவர் கை தேர்ந்தது இப்படித்தான். கைராசிக்காரர் என்று ஜனங்கள் சொன்னார்கள். அந்த ராசிக்குப் பின்னால் எத்தனை ராத்திரிகள் இருந்தன என்பது அவருக்குத்தான் தெரியும்.

நேரம் என்னும் எமன்

அவசர நோய் என்றால் என்ன? இதைக் கொஞ்சம் விவரமாகத் தெரிந்துகொண்டால்தான் ரங்காச்சாரி பட்ட அவசரம் புரியும்.

1930-ம் ஆண்டு வாக்கில், வலங்கைமான் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பகல் போய் ஓர் இரவும் போகிறது. குழந்தை குறுக்கே கிடக்கிறது. மருத்துவச்சி கையை விரித்துவிடுகிறாள். இனி வண்டி கட்ட வேண்டும். கும்பகோணம் போக ஆறும் வாய்க்காலும் தாண்ட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையாக இருந்தால் சக்கரம் சேற்றில் இறங்கிவிடும். கும்பகோணத்திலும் முடியாது என்று சொல்லிவிட்டால் சென்னைக்கு ரயில். இரவு முழுவதும் பிரயாணம்.

வயிறோ காத்திருக்காது. குடல் முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றால், சில மணி நேரத்தில் அந்த இடம் அழுகத் தொடங்கிவிடும். குடல்வால் வீங்கி வெடித்தால் சீழ் வயிறெங்கும் பரவும். பெனிசிலின் அப்போது மருந்தாக வரவில்லை. உடலில் ரத்தம் குறைந்துபோனால் எடுத்துக் கொடுக்க ரத்த வங்கியும் இல்லை. ஆபரேஷன் சீக்கிரம் நடந்தால் உயிர் உண்டு. தாமதித்தால் எப்பேர்ப்பட்ட சர்ஜனும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

சென்னையில் கீர்த்தி வளர்ந்த பிறகு, 1920-களின் தொடக்கத்தில் ரங்காச்சாரி சர்க்கார் உத்தியோகத்தை விட்டார். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கென்சிங்டன் நர்சிங் ஹோம் என்ற சொந்த ஆஸ்பத்திரியை நடத்தினார். நிச்சயமான சம்பளத்தை உதறிவிட்டு வருவது அந்த நாளில் சின்னத் துணிச்சல் அல்ல. மேலே ஒருவர் உத்தரவுக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியமும் அதோடு போயிற்று.

விடியுமுன்னே ஆபரேஷன் தொடங்கிவிடும். முற்பகல் வரை கத்தியும் கையுமாக இருப்பார். அதன் பிறகு காரில் ஏறி, வீடு வீடாக நோயாளிகளைப் பார்க்கப் புறப்படுவார். வேலை முடிய இரவாகிவிடும். நாள் ஒன்றுக்குப் பதினெட்டு மணி நேரம் உழைத்தார். ஜமீன்தார்களும் கனவான்களும் அவரைத் தேடி வந்தார்கள். பணம் குவிந்தது. ஏழைகளுக்கோ இனாமாகவே வைத்தியம் செய்தார்.

பஸ் மாத்

ரோல்ஸ் ராய்ஸ் கார் வைத்திருந்தார் ரங்காச்சாரி. எத்தனை பெரிய கார் என்றாலும் அந்தக் காலத்து ரோட்டில் எவ்வளவு வேகம் போக முடியும்? வெளியூரிலிருந்து தந்தி வரும். புறப்படுவார். சில சமயம் எமன் முந்திக்கொள்வான்.

விமானம் வாங்கினார்!

பஸ் மாத் என்று அதற்குப் பெயர். இங்கிலாந்தில் டி ஹாவிலண்ட் கம்பெனி செய்தது. ஒரே எஞ்சின். விமானியோடு சேர்த்து இரண்டு மூன்று பேர்தான் உட்காரலாம். மூடிய கூண்டு உண்டு என்பதால் மழைக்கும் காற்றுக்கும் பயமில்லை. மணிக்குச் சுமார் 160 கிலோ மீட்டர் போகும். 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு பறந்து, நம் நாட்டு விமானப் போக்குவரத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டாரே, அதுவும் இதே வகை விமானம்தான்.

இரவு முழுவதும் ரயிலில் போக வேண்டிய தஞ்சாவூர் தூரத்தை இந்தச் சின்ன விமானம் இரண்டு மணி நேரத்தில் கடந்துவிடும். இறங்க நல்ல சமதரை இருந்தால் போதும். சீமந்தங்களும் கல்யாணங்களும் நடக்கிற ஊரில், வானத்தில் ஒரு இரைச்சல் கேட்டு, டாக்டர் வருகிறார் என்று சொன்னால் எப்படி இருந்திருக்கும்! ஆகாய விமானத்தைப் பார்த்தே இராத ஜனங்கள் அப்போது லட்சக்கணக்கில் இருந்தார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். விமானம் வந்து இறங்க வேண்டுமானால் முதலில் தந்தி கொடுக்க வேண்டும். தந்தி கொடுக்க ஆள் பழக்கமும் கையில் காசும் வேண்டும். சேற்றில் வண்டி மாட்டிக்கொண்ட குடியானவன் வீட்டுக்கு விமானம் வந்திருக்குமா என்பது சந்தேகமே. ஒரு டாக்டர், ஒரு விமானம். ஒரு மாகாணம் முழுவதற்கும் அது எப்படிப் போதும்? அந்தக் குடியானவன் வீட்டுக்கும் வண்டி வர வெகு காலம் ஆயிற்று. 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் ஓடத் தொடங்கியது 2008-ல். அவசர மருத்துவத்தைத் தனிப் படிப்பாக இந்திய மருத்துவக் கவுன்சில் ஏற்றுக்கொண்டது 2009-ல். ரங்காச்சாரியின் காலத்தில் இப்படி ஒரு துறைக்குப் பெயர்கூடக் கிடையாது. ஆனால் சீக்கிரம் போனால்தான் பிழைப்பு என்ற கணக்கை அவர் அன்றே போட்டுவிட்டார். அதற்குக் கைப்பணத்தையும் செலவழித்தார்.

தனக்கு மருந்தில்லை

1934-ல் டாக்டரே படுத்துவிட்டார். டைபாய்டு!

கெட்ட தண்ணீராலும் கெட்ட உணவாலும் பரவும் காய்ச்சல் அது. இன்று கிராமத்து ஆஸ்பத்திரியிலேயே மருந்து கொடுத்துக் குணப்படுத்துகிறார்கள். அன்று ஒரு மருந்தும் கிடையாது. காய்ச்சல் வாரக் கணக்கில் நீடிக்கும். பத்தியமும் பணிவிடையுமே வைத்தியம். உடம்பு தாங்கினால் பிழைப்பு. டைபாய்டை அடக்கும் குளோரோமைசிடின் மருந்து கண்டுபிடிக்கப்பட்டது 1947-ல். அதற்குப் பதின்மூன்று வருஷம் முன்னாலேயே ரங்காச்சாரிக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

இந்த நோய்க்குக் கத்தி உதவாது. விமானமும் உதவாது. எங்கே பறந்து போய் எதைக் கொண்டுவருவது? பதினெட்டு மணி நேரம் உழைத்துத் தேய்ந்த உடம்பு. 1934 ஏப்ரல் மாதம் அவர் காலமானார். 52 வயதுகூட நிறையவில்லை.

சென்னைப் பொது ஆஸ்பத்திரியின் வாசலில் அவருக்குச் சிலை வைத்தார்கள். 1939-ல் கவர்னர் எர்ஸ்கின் பிரபு அதைத் திறந்துவைத்தார். அசிஸ்டெண்ட் சர்ஜனாக உத்தியோகம் தொடங்கிய தஞ்சாவூர்க்காரருக்கு, வெள்ளைக்காரர் ராஜ்யத்திலேயே, வெள்ளைக்காரக் கவர்னர் கையால் சிலை!

2011-ல் அந்த ஆஸ்பத்திரிக்கு ராஜீவ் காந்தியின் பெயரைச் சூட்டினார்கள். ஜனங்கள் வாயில் இன்றும் அது ஜி.எச்.தான். எதிரே சென்ட்ரல் ஸ்டேஷன். சாலையைக் கடந்து, நோயாளியைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு, சீட்டு எழுதும் இடம் எது என்று விசாரித்தபடி ஜனங்கள் அந்தச் சிலைப் பக்கமாகப் போகிறார்கள். தோள் பையோடு தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்களும் அவர்களில் இருப்பார்கள்.