பிறருக்காகத் திரும்பிய வாலிபர்



ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டாஸ்மேனியாத் தீவின் வடபாகத்தில் லட்ரோப் என்று ஒரு சிற்றூர் உண்டு. அங்கே டெடி ஷீன் என்னும் மாலுமியின் பெயரால் நினைவு நடைபாதை ஒன்று அமைத்திருக்கிறார்கள். அவருக்குக் கல்லறை கிடையாது. கடலே அவர் கல்லறை. அவருடைய சரித்திரத்தை உங்கள் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

1923-ம் வருஷம் டிசம்பர் 28-ந் தேதி, மாசற்ற குழந்தைகளின் திருநாளன்று, ஒரு கூலித் தொழிலாளியின் 14-வது பிள்ளையாகப் பிறந்தார். லட்ரோப் கத்தோலிக்க பள்ளிக்கூடத்தில் படித்தார். பிறகு பண்ணைகளில் வேலை செய்தார். அண்ணன்மார் ஐவர் படையில் சேர்ந்திருக்க, 1941 ஏப்ரலில் தாமும் கடற்படையில் சேர்ந்தார்.

1942 டிசம்பர் முதல் தேதி. தீமோர் தீவிலிருந்த போர்வீரரை மீட்க வந்த ஆர்மிடேல் என்னும் கப்பலை, பிற்பகலில் ஜப்பானிய விமானங்கள் தாக்கின. கப்பல் சாய்ந்தது. எல்லோரும் கப்பலை விட்டிறங்கும்படி கட்டளை பிறந்தது. கடலில் குதித்தவர்கள் மேலும் விமானங்கள் குண்டு மாரி பொழிந்தன.

ஷீன் உயிர்காக்கும் தெப்பம் ஒன்றை அவிழ்த்துவிட உதவினார். அதன்பின் அவரும் குதித்துத் தப்ப முயன்றிருக்கலாம். ஒருவரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் தம் பீரங்கியண்டைக்குத் திரும்பினார். மார்பிலும் முதுகிலும் காயம்பட்டும், விமானங்களை நோக்கிச் சுட்டு, தண்ணீரில் தத்தளித்த தோழர்களை அவை நெருங்காதபடி தடுத்தார். கப்பல் மூழ்கும்வரை அவர் பீரங்கி ஓயவில்லை. அவருக்கு 19 வயது நிறைய இன்னும் 27 நாள் இருந்தது. கப்பலிலிருந்த 149 பேரில் 49 பேரே உயிர் பிழைத்தார்கள்.

கட்டளைப்படி கடமை முடிந்துவிட்டது, அன்பு முடியவில்லை. நண்பருக்காக உயிரைக் கொடுப்பதே மேலான அன்பு என்று நம் ஆண்டவர் கடைசி இராவுணவில் போதித்ததை இங்கே காண்கிறோம்.

யுத்தகால அறிக்கையில் அவர் பெயரைக் குறிப்பிட்டதோடு அரசாங்கம் நின்றுவிட்டது. பின்னர் ஒரு நீர்மூழ்கிக் கப்பலுக்கு அவர் பெயரிட்டார்கள். மிக உயர்ந்த விக்டோரியா சிலுவைப் பதக்கம் 2020-ல்தான், 78 வருஷம் கழித்து, அளிக்கப்பட்டது. அதைக் காண அவருடைய தாயும் தகப்பனும் இல்லை.

அன்பானவர்களே, சர்வேசுரன் அந்தப் பிற்பகலிலேயே கண்டார், அவருக்குத் தாமதமில்லை. தாமதிப்பவர்கள் நாம். உங்கள் வீட்டிலும் தம்பி தங்கையர் படிக்கத் தன் படிப்பை விட்ட அண்ணன் இருக்கலாம். படுக்கையிலிருக்கும் மாமியாருக்காகத் தூக்கம் துறந்த மருமகள் இருக்கலாம். அவர்கள் மரித்தபின் கல் நாட்டுவதற்கு முன்னே, இன்றைக்கே ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள். கடலில் மாண்ட இரு தரத்தாருக்காகவும் இன்றிரவு ஜெபமாலையில் வேண்டிக்கொள்ளுங்கள்.