ஒளியின் கட்டம் கண்ட பஞ்சரத்தினம்

பீங்கான் தொழிலால் பெயர்பெற்ற ஊர் விருத்தாசலம். பீங்கான் சூளைகளில் கலங்களைத் தாங்கும் தட்டுகள், வெப்பம் ஏறி இறங்கினும் வெடிக்காதிருக்கக் கார்டியரைட்டு என்னும் பொருளால் செய்யப்படுவதுண்டு. அதே கனிமம் இயற்கையில் தெளிந்த நீலப் படிகமாக விளையும்போது அயோலைட்டு எனப்படுகிறது. அப்படிகத்தினூடே ஒளி செல்லும் வகையை ஆராய்ந்து, அறிவியலுக்குப் புதுவழி திறந்தவர் சிவராமகிருஷ்ணன் பஞ்சரத்தினம்.

1934ஆம் ஆண்டு கொல்கத்தாவில் பிறந்த இவர், சர் சி. வி. இராமனின் உடன்பிறந்தார் மகன். இயற்பியலறிஞர்களான இராமசேஷனும் சந்திரசேகரும் இவர்தம் உடன்பிறந்தோர். பெங்களூரு இராமன் ஆய்வு நிறுவனத்தில் இளமையிலேயே ஆய்வைத் தொடங்கினார்.

தளவிளைவுற்ற ஒளியின் நிலைகள் ஒவ்வொன்றையும் ஒரு கோளத்தின் மேற்பரப்பில் ஒரு புள்ளியாகக் குறிக்கலாம். ஒளியை ஒரு நிலையிலிருந்து வேறிரு நிலைகளின் வழியே செலுத்தி, மீண்டும் முதல் நிலைக்கே கொணர்ந்தால் என்ன நிகழும்? தொடங்கிய நிலையை அது அடைந்தாலும், அதன் கட்டம் மாறியிருக்கும். ஓரலகு ஆரமுடைய அக்கோளத்தில் அம்மூன்று புள்ளிகளும் அமைக்கும் முக்கோணப் பரப்பின் சரிபாதியே அம்மாற்றத்தின் அளவு. ஒளி கடந்த தொலைவன்று, அதன் நிலைமாற்றப் பாதையின் வடிவமே இதனை உறுதிசெய்கிறது. 1956இல் இவ்வுண்மையை வெளியிட்டபோது அவருக்கு அகவை இருபத்திரண்டு. அதன் ஆழத்தை உலகம் அன்று உணரவில்லை.

பின்னர் மைசூரில் கற்பித்த அவர், ஆக்சுபோர்டு சென்று அணுக்களுக்கும் ஒளிக்கும் உள்ள உறவை ஆராய்ந்தார். 1969இல் தம் முப்பத்தைந்தாம் அகவையில் அங்கேயே மறைந்தார். 1984இல் ஆங்கிலேய அறிஞர் மைக்கேல் பெரி, குவாண்டம் இயக்கவியலில் இத்தகைய கட்டத்தை விளக்கினார். பஞ்சரத்தினம் அதனை ஒளியில் முன்பே கண்டிருந்ததை இராமசேஷனும் இராஜாராம் நித்யானந்தாவும் 1986இல் சுட்டிக்காட்டினர். மறு ஆண்டே பெரி அம்முன்னோடியின் பணியை விளக்கிக் கட்டுரை வரைந்தார்.

இன்று இடத்திற்கிடம் அச்சின் திசை மாறும் மெல்லிய தகடுகள் செய்யப்படுகின்றன. அவற்றினூடே செல்லும் ஒளிக்கற்றை, இடத்திற்கேற்ப வெவ்வேறு கட்டம் பெற்று, வெளியில் பரவுகையில் குவிகிறது, சுழல்கிறது, நடுவே இருள் சூழ்ந்த வளையமாகிறது. பஞ்சரத்தினம்-பெரி கட்டம் என்னும் பெயர் உலக ஆய்வகங்களில் வழங்குகிறது. அப்புகழைக் காண அவர் இருக்கவில்லை. எனினும் ஒளியை வடிவமைக்கும் கலை அவர் வகுத்த கணக்கின்மேல் நிற்கிறது.