கங்காரு வாலும் கணக்கும்
மேதை ஜி. என். ராமச்சந்திரன் வாழ்க்கை

எர்ணாகுளத்தில் நாராயண ஐயர் என்று ஒரு கணிதப் பேராசிரியர். அவருடைய மகன்தான் ஜி. என். ராமச்சந்திரன். பிறந்தது 1922, அக்டோபர் 8.

தந்தை வீட்டிலேயே கணக்குச் சொல்லிக் கொடுத்தார். மகன் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பௌதிகம் படித்தார். 1942-ல் மின்சாரப் பொறியியல் படிக்கப் பெங்களூர் சென்றார். அங்கே சர் சி. வி. ராமன் இருந்தார். வாலிபரின் அறிவைக் கண்டார். தம்முடைய பௌதிகத் துறைக்கே இழுத்துக்கொண்டார்.

ராமச்சந்திரன் கேம்பிரிட்ஜ் சென்று டாக்டர் பட்டம் பெற்றார். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகத் துறைத் தலைவரானார். அப்போது வயது சுமார் 30.

மூன்று இழைக் கயிறு

நம் தோலிலும் எலும்பிலும் கொலாஜன் என்ற புரதம் இருக்கிறது. அதன் அமைப்பு அப்போது யாருக்கும் தெரியாது. ராமச்சந்திரன் கங்காரு வாலின் தசைநாரை வாங்கி எக்ஸ்ரே படம் பிடித்தார். கோபிநாத் கர்த்தா கூட உழைத்தார். மூன்று இழைகள் சேர்ந்த அமைப்பு அது என்று 1954-ல் உலகுக்குச் சொன்னார்கள். மறு ஆண்டில், அது கயிறு போல் முறுக்கியிருப்பதையும் காட்டினார்கள்.

வெளிநாட்டு விஞ்ஞானிகள் குறை சொன்னார்கள். அணுக்கள் அவ்வளவு நெருங்கி இருக்க முடியாது என்றார்கள்.

ராமச்சந்திரன் கணக்குப் போட உட்கார்ந்தார். இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? தெரிந்த படிகங்களை எல்லாம் ஆராய்ந்து அளவு எடுத்தார். ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் துணை நின்றார்கள். மேஜைக் கணக்கு யந்திரம்தான் கருவி!

புரதச் சங்கிலி எந்தக் கோணத்தில் திரும்பலாம், எதில் திரும்ப முடியாது என்று ஒரு படம் பிறந்தது. 1963-ல் வெளிவந்தது. அதுதான் ராமச்சந்திரன் வரைபடம். இன்றும் புதிதாக ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டால், அந்தப் படத்தில் வைத்துத்தான் சரி பார்க்கிறார்கள். குறை சொன்னதே பெரும் புகழுக்கு வழியாயிற்று.

நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. 2001, ஏப்ரல் 7-ல் சென்னையில் காலமானார்.

கோடையில் ஒரு வாய்ப்பு

அன்று ராமன் கண்ணில் பட்டதால் அவருக்கு வழி பிறந்தது. கடலூரிலும் சிதம்பரத்திலும் படிக்கும் பிள்ளைகளுக்கு இன்று வேறு வழியும் உண்டு. 1934-ல் ராமன் நிறுவிய இந்திய அறிவியல் அகாடமி, மற்ற இரு அகாடமிகளுடன் சேர்ந்து, கோடை ஆராய்ச்சி உதவித் தொகையைப் பல ஆண்டுகளாகக் கொடுத்து வருகிறது. தேர்வாகும் மாணவர் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியிடம் இருந்து வேலை கற்கலாம். உயிரியலைக் கம்ப்யூட்டரில் கணக்கிடும் வேலையும் அதில் உண்டு.

கோடைக்குப் பல மாதம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். பெற்றோர்களே, கல்லூரியில் இன்றே விசாரிக்கச் சொல்லுங்கள்!